செல்போன்காரன் திருப்பித் தந்த காசு

எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட், பஜ்ஜி மடித்து வந்த காகிதம், எதுவானாலும் சரி. செவிலிமேட்டிலிருந்து கல்யாணமாகிப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்த புதிதில் என் கணவர் இதைப் பார்த்துச் சிரிப்பார். "அதுல இன்னா புதையலா இருக்குது?" என்பார். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரு தடவை இருந்தது.

செல்போன் எங்கள் தெருவுக்கு வந்த காலம் அது. அதுவரை ஒரு முதலாளிக்குக் கூலிக்கு நெய்துகொண்டிருந்த என் கணவர், சென்னையிலிருந்து நேராகவே சேலை வாங்க வரும் சிலரைப் பிடித்திருந்தார். அவர்கள் முதலில் கேட்பது போன் நம்பர்தான். எங்களிடம் இருந்தது தெருமுனை மளிகைக் கடையின் நம்பர். போன் வந்தால் கடைக்காரர் குரல் கொடுப்பார். தறிச் சத்தத்தில் அது காதில் விழாது. விழுந்து, என் கணவர் தறிக் குழியிலிருந்து எழுந்து, சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு ஓடுவதற்குள் எதிரில் இருப்பவர் வைத்துவிட்டிருப்பார். ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் அப்படியே கைநழுவிப் போனது. அன்றைக்கே செல்போன் வாங்குவது என்று முடிவாயிற்று.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கம்பெனிக்காரர்கள் ஷாமியானா போட்டு, மேஜை நாற்காலியோடு உட்கார்ந்திருந்தார்கள். போனும் இணைப்பும் சேர்த்துத் தருவார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மாதாமாதம் பில் கட்டுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும், நடுவில் விடக்கூடாது. முகவரிக்கு அத்தாட்சி கேட்டார்கள். என் பெயர் இன்னும் செவிலிமேட்டு ரேஷன் கார்டிலேயே இருந்தது. கணவரின் வாக்காளர் அட்டையில் அவருடைய அப்பா பெயர் வேறு யாருடைய பெயராகவோ அச்சாகியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தது என் மாமியாருக்குத்தான். வீட்டு வரி ரசீதும் அவர் பெயரில்தான் வரும். ஆகவே மறுநாள் அவரையே அழைத்துக்கொண்டு போனோம்.

அத்தை அங்கே போய் உட்கார்ந்தார், கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டார், போட்டோ கொடுத்தார். மோர் கொடுத்தார்கள், குடித்தார். "எனக்கு எதுக்குடா போனு?" என்று மகனிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். விண்ணப்பத்தை நிரப்பிய இளைஞர் வேகமாக எழுதிக்கொண்டே போனார். நடுவில் பிறந்த தேதி கேட்டார். "ஆடி மாசம்பா. பெரிய புயல் அடிச்சுதே, அதுக்கு அடுத்த வருசம்" என்றார் அத்தை. அவர் தலையை ஆட்டிவிட்டு ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அப்போது நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவர் போனைப் பிரித்தார். நான் ரசீதைத் திருப்பினேன். பின்பக்கத்தில் எறும்பு ஊர்வது மாதிரி பொடி எழுத்து. என் பிளஸ் டூ ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு, இரண்டு நாள் மத்தியானம் உட்கார்ந்து படித்தேன். ஏழாவது பத்தியில் ஒரு விஷயம் இருந்தது. ஒரு வருஷம் தவறாமல், கெடு தேதிக்குள் பில் கட்டியவர்கள், ஒவ்வொரு பில்லின் மூலையிலும் இருக்கும் சிறு சீட்டை வெட்டி எடுத்து, பன்னிரண்டையும் சேர்த்து, பன்னிரண்டாவது பில் வந்த ஒரு மாதத்துக்குள் அனுப்பினால், ஆயிரத்து இருநூறு ரூபாயைக் கம்பெனி திருப்பித் தரும்.

கணவரிடம் சொன்னேன். "எவனாவது வாங்கின துட்டைத் திருப்பித் தருவானா? சும்மா போட்டிருப்பான்" என்றார்.

அத்தை ராட்டையில் ஊடைநூலைத் தார்க்குச்சியில் ஏற்றி, தார் சுற்றிக்கொண்டிருந்தார். கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "நான் முப்பது வருசமா பாக்கறேன். சேலைல ஒரு இழை தப்புனா முதலாளி கூலில புடிச்சுக்குவாரு. புடிச்சுத்தான் பாத்திருக்கேன், குடுத்துப் பாத்ததில்ல. இவன் ஏன்மா குடுக்கறான்?"

"தெரியல அத்தை."

"கேட்டுப் பாக்கறதுதானே?"

யாரிடம் கேட்பது? ஆனால் அந்தக் கேள்வி எனக்குள்ளும் உட்கார்ந்துகொண்டது. திருப்பித் தருவதற்குப் பதில் முதலிலேயே குறைத்து வாங்கலாமே. இல்லை, தரப்போகிறார்கள் என்றால் அதைப் பெரிய எழுத்தில் முன்பக்கம் போடலாமே. பணத்தைவிட இதுதான் என்னைக் குடைந்தது. அனுப்பித்தான் பார்ப்போமே, என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்வோம் என்றுதான் ஒவ்வொரு பில்லையும் கம்பியில் குத்தி வைக்க ஆரம்பித்தேன்.

கரையைத் தனி நிறத்தில் கோத்து நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். அது என் வேலை. கெடு தேதி வரும் வாரம் நாடாவைத் தள்ளிக்கொண்டே "பில்லு, பில்லு" என்று நினைவூட்டுவேன். அவர் அலுத்துக்கொண்டே போய்க் கட்டிவிட்டு வருவார். பன்னிரண்டாவது பில்லும் வந்தது. கம்பியை உருவிப் பார்த்தால் பதினொன்றுதான் இருந்தன.

வீட்டைத் தலைகீழாக்கினோம். அரிசி டின்னுக்குப் பின்னால், பட்டு நூல் பொட்டலங்களுக்குள், எங்கும் இல்லை. கடைசியில் தறிக் காலில் ஆணியடித்து மாட்டியிருந்த ஒரு காகிதம் கண்ணில் பட்டது. அதில் என் கணவர் ஒரு அன்னம் வரைந்திருந்தார், முந்தானைக்கு. திருப்பினேன். பில். வெட்ட வேண்டிய மூலைக்கு நேர் பின்னால் அன்னத்தின் வால்.

"அதைத் தொடாதே! நாலு நாளா யோசிச்சுப் போட்டது" என்றார்.

"வேற பேப்பர்ல போட்டுக்குங்களேன்."

"அந்த வளைவு திரும்ப வராதுடீ."

அத்தை ஒரே வார்த்தையில் தீர்த்தார். "வாலில்லாத அன்னமா பாத்துக்கினு நெய்டா. வாலு உன் மனசுல இருக்குதில்ல?" நான் வெட்டினேன். அன்று முழுவதும் அவர் என்னோடு பேசவில்லை. சேலையில் என்னவோ அந்த அன்னத்துக்கு வால் நன்றாகவே வந்தது.

சீட்டுகளை உறையில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் இல்லை. அனுப்பியதையே மறந்துபோகிற நேரத்தில் ஒரு நாள் காலை போன் அடித்தது. பேசியது ஒரு பெண் குரல், கம்பெனியிலிருந்து. விண்ணப்பம் கிடைத்தது, சந்தாதாரரிடம் பேச வேண்டும் என்றாள்.

"அவங்க மருமகதாங்க பேசறேன், எங்கிட்ட சொல்லுங்க."

"இல்லைங்க மேடம். யார் பேர்ல இருக்குதோ அவங்கதான் பேசணும்."

அதுவரை அத்தை அந்தப் போனைக் காதில் வைத்ததே கிடையாது. மேலாகத் துடைப்பார், அவ்வளவுதான். கையில் கொடுத்ததும் வாய்க்கு நேராக ஒரு முறை, காதுக்கு நேராக ஒரு முறை மாற்றி மாற்றிப் பிடித்தார். நான் ஒட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெயர் கேட்டாள், சொன்னார். கதவு எண் கேட்டாள், சொன்னார். பிறந்த தேதி கேட்டாள்.

"ஆடி மாசம்மா. கிருத்திகைக்கு மறுநாள்னு எங்கம்மா சொல்லும்."

"இங்கிலீஷ் தேதி சொல்லுங்கம்மா."

"அதெல்லாம் எனக்குத் தெரியாதே."

"எங்க பதிவுல இருக்கிற தேதியைச் சொன்னாத்தான் அடுத்துப் போக முடியும்."

"அப்போ உங்கிட்ட இருக்குதா?"

"இருக்குதும்மா."

"அப்ப நீயே சொல்லேன்மா, நானும் தெரிஞ்சுக்கறேன்."

"நான் சொல்லக் கூடாதும்மா."

இன்னும் ஒரு முறை அழைப்போம், அப்போதும் பொருந்தவில்லை என்றால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகிவிடும் என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள். அத்தை போனை என்னிடம் நீட்டினார். கோபமில்லை, முகமெல்லாம் ஆச்சரியம். "அவளுக்குத் தெரியுமாம், எனக்குத் தெரியக் கூடாதாம். ஆனா பொறந்தவ நானு!"

அப்போதுதான் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின டிசம்பரில் ஒரு காலை கம்பெனியிலிருந்து போனில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி வந்திருந்தது, பிறந்தநாள் வாழ்த்து என்று. வீட்டில் யாருக்கும் டிசம்பரில் பிறந்தநாள் இல்லை. ஏதோ தவறி வந்தது என்று நானே அதை அழித்திருந்தேன். தேதி மட்டும் நினைவில்லை.

மறுநாள் பஸ் ஏறி, அந்தக் கம்பெனியின் போன்களை விற்கும் கடைக்குப் போனேன். ஷாமியானாவில் எழுதிய அதே இளைஞர் இப்போது அங்கே கல்லாவில் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்தார்.

"அக்கா, நெஜமாவே சீட்டெல்லாம் அனுப்பினீங்களா? பன்னெண்டும்?"

"ஆமா. ஏன், அனுப்பக் கூடாதா?"

"இல்லக்கா. இதுவரைக்கும் இந்தக் கடையில ஒருத்தர்கூட அதைப் பத்திக் கேட்டதில்ல. எனக்கே பாதி மறந்துபோச்சு."

உள்ளே போய் விண்ணப்பக் கட்டு ஒன்றைத் தூக்கி வந்தார். அத்தையின் போட்டோ ஒட்டிய நகலைத் தேடி எடுத்தார். பிறந்த தேதியைப் பார்த்ததும் காது வரைக்கும் சிவந்துபோனார். டிசம்பர் பதினாறு என்று இருந்தது.

"இன்னாப்பா?"

"அது... என்னோட பொறந்த நாளுக்கா."

எனக்குப் புரியவில்லை. அவரே தயங்கித் தயங்கிச் சொன்னார். ஷாமியானாவில் வரிசை நின்றுகொண்டிருந்தது. தேதி கேட்டால் அம்மாக்களெல்லாம் ஆடி, ஐப்பசி, வெள்ளம் வந்த வருஷம், அண்ணன் கல்யாணத்துக்கு அடுத்த மாசம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கட்டத்தைக் காலியாக விட்டால் மேலிடம் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிடும். சட்டென்று கைக்கு வந்த தேதி அவருடையதுதான். வயதுக்கு ஏற்றபடி வருஷத்தை மட்டும் மாற்றி எழுதியிருக்கிறார்.

"எங்கத்தைக்கு மட்டுந்தானா?"

அவர் கட்டைப் பார்த்தார். "உங்க பக்கத்துல பாதி பேரு என் பொறந்த நாள்லதான் பொறந்திருக்காங்கக்கா."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபப்பட வேண்டும் என்று நினைத்துத்தான் போனேன், முடியவில்லை. அத்தனை பேரின் பிறந்தநாளும் இத்தனை நாளாக அந்தக் கட்டுக்குள் பேசாமல் கிடந்திருக்கிறது. ஒருத்தர் கேட்டிருந்தாலும் வெளியே வந்திருக்கும்.

வீட்டில் சொன்னபோது கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. "நான் ஆடில பொறந்தவ. மார்கழின்னு எப்படிச் சொல்றது? பொய்யாயிடாதா?" என்றார்.

"அவங்க பேப்பர்ல அப்படி இருக்குது அத்தை. அதைத்தான் கேக்கறாங்க."

"பேப்பருக்கு ஒரு பொறந்த நாளு, எனக்கு ஒரு பொறந்த நாளா?" என்றார். பிறகு தார் சுற்றும்போது "டிசம்பர் பதினாறு, டிசம்பர் பதினாறு" என்று உதடு அசைந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன்.

இரண்டாவது அழைப்பு வந்தபோது நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இந்த முறை ஒரு ஆண் குரல். அத்தை கையைக்கூடக் கழுவாமல் இடது கையால் போனை வாங்கிக்கொண்டார். பிறந்த தேதி கேட்டதும் மூச்சை இழுத்துப் பிடித்தார்.

"உங்க பேப்பர்ல இருக்கறது டிசம்பர் பதினாறு. நான் பொறந்தது ஆடி மாசம். எழுதினவன் அவன் பொறந்த நாளைப் போட்டுட்டான். ரெண்டையும் சொல்லிட்டேன், எது வேணுமோ எடுத்துக்கோப்பா."

நான் தலையில் கை வைத்தேன். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன். அந்தப் பக்கம் மெல்லச் சிரிப்பது கேட்டது.

"பேப்பர்ல இருக்கது சரியா இருக்கும்மா. அது போதும். உங்க விண்ணப்பத்த முடிச்சுத் தாரேன். வேற ஏதும் தெரிஞ்சுக்கணுமா?"

இது அவர்கள் எல்லோரிடமும் வழக்கமாகக் கேட்கிற கேள்வி என்பது இப்போது எனக்குத் தெரியும். அத்தை அதை நிஜமாகவே எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்பா. நீங்க ஏன் துட்டைத் திருப்பித் தர்றீங்க?"

"அது... எங்க மதிப்புக்குரிய வாடிக்கையாளர்களுக்கு நன்றி தெரிவிக்கிற விதமா..." என்று எழுதி வைத்ததைப் படிக்கிற குரலில் ஆரம்பித்தார்.

"அது இல்லப்பா. நெஜமா."

அவர் குரல் தாழ்ந்தது. "நெசத்தச் சொல்லுதேம்மா. நெறைய பேரு கேக்க மாட்டாங்க. மறந்துருவாங்க, இல்லன்னா சீட்டத் தொலைச்சிருவாங்க. தாரோம்னு சொன்னா ஆளு சேருது. கேக்கவங்களுக்கு மட்டும் குடுத்தாப் போதும்லா."

"ஓ" என்றார் அத்தை. ஒரு வருஷமாக எங்கள் இரண்டு பேருக்கும் தொண்டையில் நின்ற முள் இறங்கியது போல இருந்தது. அத்தை அதோடு விடவில்லை. "நீ திருநெல்வேலிப் பக்கமாப்பா?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா" என்றார் அவர். ஆனால் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கல்யாணப் பட்டு எடுக்க அந்தப் பக்கத்திலிருந்து வேன் பிடித்து வருகிறவர்களோடு பேசிப் பழகிய காது அத்தையுடையது.

செக் வந்தது. அத்தையின் பெயர் அச்சில், முன்னால் ஒரு 'திருமதி' போட்டு. மேலே இரண்டு கோடு. கையில் காசாக மாற்ற முடியாது, அவர் கணக்கில்தான் போட வேண்டும். அத்தைக்குக் கணக்கே கிடையாது.

"எம் பேருக்கு மாத்தித் தரச் சொல்லி எழுதலாம்மா" என்றார் என் கணவர்.

"ஏன்? கேள்வி யாரைக் கேட்டான்? பதில் யாரு சொன்னது? எனக்குத்தானே குடுத்திருக்கான்" என்றார் அத்தை. குரலை உயர்த்தவில்லை. நூலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கணவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

பக்கத்துத் தெருவில், வங்கியில் ஏற்கெனவே கணக்கு வைத்திருந்த ஒரு ஜவுளிக் கடைக் கணக்குப்பிள்ளை இருந்தார். அவர் அறிமுகக் கையெழுத்துப் போட, அத்தைக்கு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்தோம். செக்கைப் போட்டுவிட்டு வந்த பிறகு அது 'பாஸ்' ஆக வேண்டுமாம். ஆகாமல் போனால்? ஒரு வாரம் கழித்து நானும் அத்தையும் போய்ப் புத்தகத்தைக் கொடுத்தோம். இயந்திரம் கரகரவென்று அச்சடித்தது. வந்துவிட்டது. ஆயிரத்து இருநூறு. நான் அந்த வரியை இரண்டு முறை படித்துக் காட்டினேன். பஸ்ஸில் வரும்போது அத்தை மடியில் வைத்திருந்த புத்தகத்தைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டே வந்தார்.

செய்தி தெருவில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? காலையில் தெருவில் நீளவாட்டு நூலை இழுத்துக் கட்டி, பாவு நீட்டியிருக்கும்போது எல்லோரும் எதிரும் புதிருமாக நிற்பார்கள். அங்கேயே பேச்சு. அதே ஷாமியானாவில் போன் எடுத்தவர்கள் பைகளைக் கவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி சீட்டுள்ள மூலைகளை எலி தின்ற பில்களைக் கொண்டுவந்தாள். சிலருக்குக் கெடு முடிந்துபோயிருந்தது. எதிர் வீட்டுக்காரியிடம் மட்டும் பன்னிரண்டும் பத்திரமாக இருந்தன. அவள் எதையுமே தூக்கிப் போடாத ஜாதி. அத்தையே அவளை உட்காரவைத்துப் பாடம் நடத்தினார். "பொறந்த நாளு கேப்பான். டிசம்பர் பதினாறுன்னு சொல்லு."

"நான் பொறந்தது பங்குனி உத்திரத்தன்னிக்கு, அக்கா."

"அது உனக்கு. இது பேப்பருக்கு."

அவளுக்கும் செக் வந்தது. அவள் தெருமுனைக் கடை வரைக்கும் போய் எல்லோருக்கும் ஜாங்கிரி வாங்கிக் கொடுத்தாள்.

அத்தை அந்தப் பணத்தில் ஒன்றும் வாங்கவில்லை. என்ன செய்யப் போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம். சேலையா, வெள்ளிக் கொலுசா, ஒரு கோயில் பயணமா? ஒன்றுமில்லை. அது அங்கே அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் அவருக்கு ஆர்வம். சந்தைக்குப் போகும்போதெல்லாம் ஒரு எட்டு வங்கிக்குள் நுழைந்து புத்தகத்தை நீட்டுவார். அச்சடிக்கப் புதிதாக ஒன்றுமில்லை என்று சொல்வார்கள். "இருக்குதில்ல?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவார். போகப்போக, சேலை விற்றதில் என் கணவர் கொடுக்கும் பணத்தில் கொஞ்சத்தை அவரே அதில் போட ஆரம்பித்தார். வீட்டுக்கு வரும் போனையும் இப்போது முதலில் எடுப்பது அவர்தான். "யாருப்பா? எந்த ஊரு? கல்யாணம் எப்போ?" என்று விசாரித்த பிறகே எங்களிடம் தருவார்.

ஒரு நாள் நானும் உடன் போயிருந்தபோது புத்தகத்தில் புதிதாக ஒரு வரி விழுந்தது. சில ரூபாய்கள். அத்தை போடாத பணம்.

"இது யாரு போட்டது?" என்று கவுன்டரில் கேட்டார்.

"வட்டிமா."

"வட்டி நாமதானே குடுப்போம்? மார்வாடிக்குக் குடுத்திருக்கேனே."

"இது நாங்க உங்களுக்குத் தர்றது."

அத்தை என் பக்கம் திரும்பினார். செல்போன் ரசீதை நான் படித்துக் காட்டிய அன்று இருந்த அதே முகம். பிறகு கவுன்டருக்குள் தலையை இன்னும் கொஞ்சம் நீட்டி, "நீங்க ஏன்பா குடுக்கறீங்க?" என்று கேட்டார். பின்னால் வரிசையில் நின்றவர் முணுமுணுத்தார். அந்த ஊழியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, பக்கத்து நாற்காலியைக் காட்டி அத்தையை உட்காரச் சொன்னார்.